இரண்டாம் பாத்தியின் நெடி

ஆய்வுக்கூட மேஜையில் இரண்டு கிண்ணங்கள். இரண்டிலும் அப்போதுதான் கிழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலை. மேஜைமுன் உட்கார்ந்திருந்தவருக்கு, எதில் நெடி அதிகம் என்று முகர்ந்து சொல்வதுதான் வேலை. முதலாவதை முகர்ந்தார், இரண்டாவதை முகர்ந்தார், மறுபடி முதலாவதுக்கே வந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

"அதெப்படி?" என்றார் விஞ்ஞானி. "ரெண்டாவது பாத்திக்கு இருபது நாளா சொட்டுத் தண்ணி விடலை. தண்ணி குறைஞ்சா இலையில நெடி ஏறும். மூக்கைத் துளைக்கணுமே."

"துளைக்கலையே."

"மூக்கு போயிடுச்சுன்னா உங்களை வச்சுக்க முடியாது. தெரியும்ல?"

முகர்பவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலையில் பக்கத்து வீட்டுப் பெயின்ட் வாசனை தெருமுனைவரை துரத்தி வந்ததே. இந்தக் கிண்ணம் மட்டும் ஏன் இப்படி?

விஞ்ஞானி சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். "பாத்தி உன் பொறுப்புதானேம்மா? தண்ணி எதுவும் விட்டியா?"

இலை கொண்டுவந்த தோட்டக்காரி தரையைப் பார்த்தாள். முகர்பவர் அவளைப் பார்த்தார்.

"எனக்குத்தான் மேடம், ஒரு வாரமா சளி," என்றார் அவசரமாக. "வாசனையே பிடிபடலை. சொல்லப் பயந்துட்டேன்."

அன்றோடு அவர் வேலை போயிற்று.

பஸ் நிறுத்தத்தில் தோட்டக்காரி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாடித் தொங்கிச்சுங்க. பார்க்க மனசு கேக்கலை. தினம் ஒரு குடம் ஊத்திட்டேன்."

"கட்டின புருஷன்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? உங்களுக்குத்தான் பொய் சொல்லவே வராதே."