மாத்திரை போடாத கை

டோக்கன் முப்பத்துநாலு. உள்ளே போயிருப்பது இருபத்தொன்பது.

அவள் மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மூட்டுகள் புடைத்துச் சிவந்திருந்தன.

இப்படியே இருக்க வேண்டும். இன்னும் ஐந்து பேர் போய் வரும்வரை.

மூன்று நாளாக மாத்திரை போடவில்லை.

முன்பு பார்த்த இரண்டு டாக்டர்களிடமும் போட்டுக்கொண்டுதான் போனாள். போடாவிட்டால் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாது. அவர்கள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வீக்கமே இல்லையேம்மா என்றார்கள். சத்து மாத்திரை எழுதினார்கள்.

மருந்துக்கடைப் பெண்தான் கடைசியில் விளக்கிச் சொன்னாள். புண்பட்ட இடத்தில் உடம்பே ஏதோ ஒன்றைச் சுரக்கிறதாம். ரத்தத்தை அங்கே வரவழைத்து வீங்க வைப்பதும், தொட்டாலே நரம்பைத் துடிக்க வைப்பதும் அதுதானாம். மாத்திரை அதைச் சுரக்க விடாது. வலி அடங்கும், வீக்கம் வடியும். எதனால் வந்ததோ அது மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருக்குமாம்.

அடங்கிப்போன கையைத்தான் இத்தனை வருஷமும் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள்.

முப்பத்தொன்று.

பக்கத்தில் கணவன். இவளுக்கு அடுப்படி வேலை நேரத்தில் மட்டும் வலி வரும் என்று தங்கை வீட்டில் சொல்லிச் சிரித்தவன். அதில் பொய்யில்லை. விடியும்போது விரல் மடங்காது. வெயில் ஏற ஏறத்தான் இளகும்.

இப்போது மணி பதினொன்றரை.

இதுதான் கடைசி ஆஸ்பத்திரி என்று வரும்போதே சொல்லிவிட்டான்.

அவள் சுட்டுவிரலை மடக்கிப் பார்த்தாள். மடங்கியது.

அவர் பார்ப்பதற்குள் வீக்கமும் வடிந்துவிடுமோ என்று மறுபடி மடக்கினாள்.

அவன் அவள் பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தான். ஒன்றைப் பிதுக்கி, தண்ணீர் பாட்டிலோடு நீட்டினான்.

“மூஞ்சியப் பாக்க முடியல. போட்டுக்கோ.”

வாங்கிக்கொண்டாள். அவன் திரும்பியதும் உள்ளங்கையில் வைத்து இறுக மூடினாள். மூட்டுக்கு மூட்டு தீப்பிடித்தது போல இருந்தது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

“தில்லைநாயகி.”

உள்ளே டாக்டர் நடுத்தர வயதுப் பெண். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். வியர்வையில் பாதி கரைந்த மாத்திரை. அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நடுவிரல் மூட்டை அழுத்தினார்.

“வலிக்குதாம்மா?”

“இல்ல டாக்டர்.”

தானாக வந்துவிட்டது. காலையில் டிபன் பாக்ஸை மூடும்போதும், இட்லிக்கு மாவு ஊற்றும்போதும், எவர் கேட்டாலும் வரும் அதே சொல். திரும்ப எடுக்கப் பார்த்தாள்.

அதற்குள் கணவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த மாத்திரையைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை அவள் மூட்டுகளின்மேல் வைத்துப் பார்த்தார்.

“சார், நீங்க ஒரு தடவ கை வச்சுப் பாருங்க.”

அவன் வைத்தான்.

சட்டென்று எடுத்தான்.

“என்ன இது, இப்படிச் சுடுது” என்றான். அவளிடம் திரும்பி, “எத்தன நாளா?”

அவள் பதிலை எழுதப் பேனாவை எடுத்த டாக்டர், அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.