ஒட்டுவாரொட்டி

வான்கோழி விடாமல் தும்மியதும் கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். "இது ஒட்டுவாரொட்டி" என்று சொல்லி, அதைத் தனியாகப் பஞ்சாரக் கூடை கவிழ்த்து அடைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

செவலைக் கோழிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பண்ணையிலேயே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது அதற்கு மட்டும்தான். நேரே பஞ்சாரத்துக்குப் போய் இடுக்கில் தலையை நுழைத்தது.

"கிட்ட வராதீங்கக்கா" என்றது வான்கோழி.

"உன் சீக்கு என்னன்னு உனக்கே தெரிய வேண்டாமா? ஒட்டுவார்னா ஒட்டுறவங்க. ஒட்டுறவங்களை ஒட்டிக்கிறது ஒட்டுவாரொட்டி. எவ்வளவு நறுக்குன்னு பேர் வச்சிருக்காங்க பாரு!"

வான்கோழி அதன் முகத்திலேயே தும்மியது.

செவலை அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்து வாத்துகளிடம் போனது. சத்தமாகச் சொன்னால் வான்கோழியின் மனசு புண்படுமே என்று ஒவ்வொரு வாத்திடமும் காதோடு அலகை வைத்து விளக்கியது. சேவல் மரமண்டை என்பதால் அதற்கு மூன்று தடவை சொன்னது. அப்படியும் புரியாத குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தது.

மூன்றாம் நாள் பண்ணை முழுக்கத் தும்மல். குஞ்சுகள் இரை எடுக்காமல் சுருண்டு கிடந்தன. வான்கோழிக்குத்தான் குணமாகியிருந்தது, ஆனால் பஞ்சாரத்தைத் தூக்கியபோது வெளியே வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது.

மூக்கு ஒழுக நின்ற செவலையைச் சேவல் முறைத்தது. "இப்ப என்ன சொல்றே?"

செவலை கழுத்தை நிமிர்த்தி ஒரு தும்மல் போட்டது.

"பார்த்தியா? நான் சொன்ன அர்த்தம் ஒரு எழுத்துகூடப் பிசகலை!"