பின்சீட்டுக்கு ஒரு ஸ்பிரிங்

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தது பெரிய காரியமே இல்லை. சக்கரத்துக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து வைத்தானே, அன்றைக்குத்தான் நாகரிகம் பிறந்தது.

இதை அவன் போர்ட்டிகோவில் குத்தவைத்து, கிழிந்த பனியனோடு, வாயில் ஒரு நட்டைக் கவ்விக்கொண்டு சொன்னான்.

அதனால் பாதிதான் புரிந்தது.

"தலைவரே, நட்டைத் துப்பிட்டு இன்னொருக்காச் சொல்லுங்க. வீடியோவுல கொழகொழன்னு கேக்குது," என்றான் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த மயில்சாமி.

துப்பிவிட்டு இன்னொரு முறை சொன்னான்.

கூடுதுறை வேங்கைகள் பைக் கிளப்பில் மொத்தம் ஒன்பது பேர். அவன் தலைவர். மயில்சாமி செயலாளர். மற்ற ஏழு பேரும் துணைத்தலைவர்கள்.

வண்டியின் பழைய ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் தரையில் கிடந்தன. எண்ணெய் கசிந்து, புழுதி அப்பியிருந்தது. கையால் அழுத்தினால் போய் உட்கார்ந்துவிட்டு, எழ மனமில்லாமல் எழுந்தன.

புதியவை பெங்களூரிலிருந்து வந்திருந்தன. மஞ்சள் ஸ்பிரிங். பக்கத்தில் சின்னதாக ஒரு கேஸ் உருளை. அவை வந்த அட்டைப்பெட்டியைக்கூட அவன் எறியவில்லை. பீரோவின் மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

மேல் போல்ட் ஏறியது.

கீழ் போல்ட் ஏறவில்லை. பின்சக்கரத்தை முழங்காலால் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தான். ஏறியது.

கதவோரம் அவன் மனைவி கலாமணி நின்றிருந்தாள். சேலைக்கு மேல் இடுப்புப் பட்டை.

முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனபிறகு ஒரே ஒரு தடவை அவன் பின்னால் உட்கார்ந்தாள். அந்தியூர் பிரிவில் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் இறங்கிக்கொண்டாள். கத்தவில்லை. கண்ணில் மட்டும் நீர் நின்றது.

அன்றிலிருந்து பள்ளிக்கூட வேலைக்கு டவுன் பஸ்தான்.

வீட்டுக்குள் அவர்கள் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. பேச்செல்லாம் வண்டியில். அவன் தோளில் கையைப் போட்டு, காதுக்குப் பின்னால் வாயை வைத்து, போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். யார் வீட்டில் காதுகுத்து. எந்த டீச்சருக்கு மாற்றல். அன்றைக்கு உங்கம்மா அப்படிச் சொன்னது சரிதானா.

அவன் 'ம்' என்பான். ஹெல்மெட் ஒரு தடவை ஆடும்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் முக்கால்வாசி அந்த 'ம்'மில்தான் நடந்தது.

இப்போது வீட்டில் மிக்ஸி மட்டும் பேசுகிறது.

இதையெல்லாம் அவன் மயில்சாமியிடம் சொல்லவில்லை. ரீபவுண்ட் டேம்பிங், அதாவது அமுங்கின ஸ்பிரிங் துள்ளாமல் மெல்ல எழ வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

"அக்கா, உங்களுக்கோசரம் தலைவர் ராக்கெட்டே செஞ்சு வெச்சிருக்கார். பூவாட்டம் போவும் பாருங்க."

"பூவாட்டம் போறது இருக்கட்டும் தம்பி. முழுசா ஊடு வந்து சேரோணும்."

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சூடம் காட்டினார்கள். மயில்சாமி திருஷ்டிப் பூசணிக்காயும் கொண்டுவந்திருந்தான். ரெண்டு ஸ்பிரிங்குக்கு இது அதிகம் என்று கலாமணி அதை வாங்கிச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு ஏறினாள்.

தோளில் கை வந்து அமர்ந்தது.

அவன் கிளட்ச்சை விட மறந்து நின்றான். பின்னால் மயில்சாமி விசிலடித்தான்.

தெருமுனை வரை அவள் ஒன்றும் பேசவில்லை. சின்னச் சின்ன மேடு பள்ளமெல்லாம் காலுக்கடியில் கரைந்து போயின. உண்மையிலேயே மிதந்தது வண்டி.

பால் பூத்தைத் தாண்டியதும் காதுக்குப் பின்னால் மூச்சுப் பட்டது.

"எங்க ஹெட்மாஸ்டரம்மா இருக்காங்களே…"

"ம்."

பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஹெல்மெட் இருந்ததால் தப்பித்தான்.

ஹெட்மாஸ்டரம்மா என்ன செய்தாள் என்பது வருவதற்குள் வேகத்தடை வந்துவிட்டது.

மெதுவாகத்தான் ஏற்றினான். இறங்கும்போது பின்பக்கம் அடிவரை போய் உட்கார்ந்தது. இரும்பில் இரும்பு மோதியது.

டங்.

தோளில் விரல்கள் இறுகின. பேச்சு நின்றது.

ஓரம் கட்டினான். அவள் ஒரு காலை ஊன்றி, அடுத்த காலை மெல்ல எடுத்து, ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் குனிந்து ஷாக்கைப் பார்த்தான். செய்தவனைத் திட்டினான். விற்றவனைத் திட்டினான். வேகத்தடை போட்டவனுக்கு அளவுகோல் பிடிக்கத் தெரியாது என்றான். இதைச் சும்மா விடப் போவதில்லை, கிளப் சார்பில் தீர்மானம் போடப் போவதாகவும் சொன்னான்.

மூச்சு சீரானதும் அவள் கேட்டாள்.

"ஏனுங்க, ஏறி உக்கார்றவங்க எடைக்குத் தக்கனதானே ஸ்பிரிங்கு குடுப்பாங்க? அதுக்குத்தானே அன்னைக்கு என்ற எடையக் கேட்டுப் பெங்களூருக்கு எழுதி அனுப்புனீங்க?"

"ம்."

"உங்க எடைய எவ்வளவுன்னு போட்டீங்க?"

அவன் ஷாக்கைத் துடைத்தான். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

டவுன் பஸ் ஒன்று வந்தது. டிரைவர் அவளுக்குத் தெரிந்தவர் போலிருக்கிறது, வேகத்தைக் குறைத்து அவளைப் பார்த்தார். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். பஸ் போய்விட்டது.

அவள் அங்கேயே நின்றாள், பதில் வரும்வரை.

"எழுபத்தெட்டு," என்றான்.

அவன் தொண்ணூற்றாறு கிலோ.