உட்புறம் ஒரு பள்ளம்

அந்தப் பள்ளத்தை அவன் மூடினான்.

திரையில் அந்த இடம் மட்டும் சிவந்தது.

மற்ற இடமெல்லாம் பச்சை. அவன் வரைந்ததும் ஸ்கேனில் உள்ளதும் ஒத்துப்போனால் பச்சை. விலகினால் சிவப்பு.

அவன் வரைந்துகொண்டிருந்தது ஒரு செயற்கைக் காலின் மேல்பகுதி. முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் காலை நுழைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கூடு. நவமணி என்ற அம்மாளுடையது. மாடியில் செயற்கைக் கால் பொருத்தும் டெய்சி காலையில் அதை ஸ்கேன் எடுத்து அனுப்பியிருந்தாள். ஸ்கேன் முடிந்ததும் அந்தப் பழைய காலை அம்மாள் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அதிலும் விரிசல். குழாய்க்குப் போடும் கிளிப்பை மாட்டி இறுக்கி வைத்திருக்கிறார்.

கல்யாணச் சமையல் அவருக்கு. பொழுதுக்கும் அடுப்படியில் நிற்க வேண்டும். வேறு இரண்டு இடங்களில் புதிதாகச் செய்து வாங்கிப் பார்த்துவிட்டார். இரண்டும் கடித்தன. பத்துப் பாத்திரம் இறக்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டதாம். இங்கே செய்யும் புதுசும் கடித்தால் அடுப்படிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று டெய்சியிடம் சொல்லியிருக்கிறார்.

அவனுக்கு நேர்த்தி என்றால் உயிர். ஓட்டலில் டம்ளரை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்த பிறகுதான் இலையில் கை வைப்பான்.

ஸ்கேனில் வருவது வெறும் முக்கோணங்கள், லட்சக்கணக்கில். பார்க்கலாம், திருத்த முடியாது. அதன்மேல் கோடும் வட்டமுமாக மறுபடி வரைந்தால்தான் நாளைக்கு ஓர் எண்ணை மாற்றிக் கூட்டவோ குறைக்கவோ முடியும். வரையும்போது சின்ன மேடுபள்ளங்களை வழித்துவிடுவது இந்த வேலையில் எல்லோருக்கும் கைப்பழக்கம். பழைய பொருள் தேய்ந்திருக்கும். ஸ்கேனரும் கொஞ்சம் பொய் சொல்லும்.

இதையும் வழித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். சிவப்பு கண்ணை உறுத்தியது.

பள்ளத்தை மூடப் போட்ட ஒட்டைத் தற்காலிகமாக மறைத்தான். பள்ளத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

தேய்ந்த இடம் இப்படி இருக்காது. தேய்மானம் ஒரு பக்கமாக வழிந்துகொண்டு போகும். இது உருண்டையாக இருந்தது.

சும்மா ஒரு கோளத்தைக் கொண்டுவந்து அதில் பொருத்தினான்.

கச்சிதமாக உட்கார்ந்தது.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இது யாரோ வேண்டுமென்றே வைத்த பள்ளம். எதை வைத்து என்றுதான் பிடிபடவில்லை. பந்தா? குண்டு பல்பா?

போனை எடுத்தான். அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருண்டன. யாரையோ அதட்டிவிட்டு நவமணி பேசினார்.

“அதுங்களா? அது குழிக்கரண்டிங்க தம்பி. எலும்பு அங்க இடிச்சுட்டே இருந்துது. கரண்டிய அடுப்புல நல்லாக் காய வெச்சு, நாந்தான் உள்ளார விட்டு ஒரே அமுக்கா அமுக்கிட்டேன். புதுசுல அதெல்லாம் வேண்டாங்க, அசிங்கமா இருக்கும். நீங்கதான் கம்ப்யூட்டர்ல அளவெடுத்துப் பண்றீங்களே.”

போனை வைத்த பிறகும் அவன் கோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சூடு கொஞ்சம் கூடியிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும். குறைந்திருந்தால் பிளாஸ்டிக் அசைந்தே இருக்காது. இடம் ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் எலும்பு இன்னும் மோசமாக இடித்திருக்கும்.

வலியை மட்டும் கேட்டுக்கொண்டு, ஒரே அமுக்கு.

அவனுக்கு மெய்சிலிர்த்தது. எத்தனையோ கம்பெனிப் பொருட்களைப் பிரித்து மேய்ந்திருக்கிறான். இவ்வளவு நல்ல வடிவமைப்பை எதிலும் பார்த்ததில்லை. சத்தமாகவே சிரித்துவிட்டான்.

பிறகு சிரிப்பு நின்றது.

அந்த இரண்டு இடங்களிலும் வரைந்தவர்கள் அவனைப் போன்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நேர்த்தியான ஆட்கள். வழித்துவிட்டிருப்பார்கள்.

பள்ளத்தின்மேல் போட்டிருந்த ஒட்டை அழித்தான்.

பள்ளத்துக்கென்று தனியாக ஒரு ஸ்கெட்ச் திறந்தான். மையம். ஆரம். ஆழம். மூன்றுக்கும் எண் கொடுத்தான். அந்த அம்மாள் வேண்டாம் என்று சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திரை முழுக்கப் பச்சையானது.

அடுத்த வாரம் புதுக்கால் தயாரானது. போட்டுப் பார்க்கும் அன்று அவனும் மாடிக்குப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டான்.

நவமணி பழைய காலைக் கழற்றி நாற்காலியில் சாய்த்தார். புதியதற்குள் காலை நுழைத்தார். எழுந்தார்.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கம்பியைப் பிடித்தபடி இரண்டு எட்டு வைத்தார். “கடிக்குதாங்க்கா?” என்றாள் டெய்சி.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது.

“என்னது, சாம்பார எறக்கிட்டீங்களா? யாரு எறக்கச் சொன்னது? இருங்க, இதா வந்துட்டேன்!”

போனைக் காதில் வைத்துத் திட்டிக்கொண்டே கதவைத் தாண்டினார். திட்டிக்கொண்டே படி இறங்கினார். குரல் தேய்ந்து தெருவுக்குப் போய்விட்டது.

இருவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

கீழே, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தி, நவமணி சாலையைக் கடந்துகொண்டிருந்தார். நடை வேகமாக இருந்தது.

நாற்காலியில் கிளிப் மாட்டிய பழைய கால் அப்படியே இருந்தது.

டெய்சி அதைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள்.

அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.