ஏரிக்குப் படையல்

ஏரி உறைந்தால் அந்த வெளிநாட்டு நகரத்துக்குக் கொண்டாட்டம். அதன்மேலேயே கடை போட்டு, பாட்டு வைத்து, சறுக்கி விளையாடுவார்கள். அங்கே பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்த இருளாண்டி, கண்ணாடிபோல் கிடந்த பனிக்கட்டிக்கு அடியில் கூட்டாளி பொன்னுராசுவின் முகத்தைப் பார்த்துவிட்டான். குளிர் தொடங்கியபோது காணாமல் போனவன்.

"அண்ணே, உடைச்சு எடுத்துரலாம்ணே" என்று மேஸ்திரியிடம் கெஞ்சினான்.

"திருவிழா முடியட்டும்லே. உருகினா அவனே மேல வருவான். வெளிய மூச்சு விட்டே, ஒனக்கும் வேலை போயிரும்."

படுத்திருப்பவனைத் தாண்டவே கூடாது என்பார்கள் ஊரில். இங்கே ஒரு ஜோடி அவன்மேல் சிரித்துச் சுழன்றது. இருளாண்டி அவர்களை விலக்கிவிட்டு, வாங்கிவந்த சுடுசூப்பை அந்த முகத்துக்கு நேராக ஊற்றினான். சின்னதாக ஒரு குழி விழுந்தது.

காலிக் கோப்பையோடு மறுபடி சூப்புக்கடை வரிசையில் நின்றான். அவ்வளவு பசியா என்று கடைக்காரி தன் வயிற்றைத் தொட்டுச் சைகையில் கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினான்.