பன்னிரண்டாவது பெயர்

"இங்க உட்காரும்மா" என்று பெரியவர் தன் சொந்த நாற்காலியைக் காட்டினார்.

அவள் தயங்கினாள். அந்த வக்கீல் நிறுவனத்தின் தலைவர் அவர்; அடுத்த இடத்தில் அவள். முப்பது வருடமாக அவரைத் தவிர வேறு யாரும் உட்காராத நாற்காலி.

"பரவாயில்ல, உட்காரு. இனிமே எனக்கு எதுக்கு இது?" என்றவர், கதவைச் சாத்தினார். கண்ணாடிச் சுவரின் திரையையும் இழுத்துவிட்டார். காலை பதினொரு மணிக்கே அறை இருண்டது.

மேஜைமேல் அன்று வெளியான தரவரிசை கிடந்தது. பெரிய கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் வக்கீல் நிறுவனங்களை வருடா வருடம் வரிசைப்படுத்துவார்கள். பதினெட்டு வருடம் முதலிடத்தில் இருந்த இவர்கள் ஆறாவது இடத்துக்கு இறங்கியிருந்தார்கள்.

முதலிடத்தில் கமாவின் நிறுவனம்.

கமா இங்கே இருந்தவன்தான். ஒப்பந்தத்தில் ஒரு கமாவுக்காக அரை நாள் மல்லுக்கட்டுவான் என்பதால் அந்தப் பெயர். எட்டு வருடத்துக்கு முன்பு ஆட்களைக் குறைத்தபோது ஒரே காலையில் பன்னிரண்டு பேரை வெளியே அனுப்பினார்கள். பட்டியலைத் தயாரித்தவள் இவள். முதல் பெயர் கமாவுடையது.

அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இரண்டு அறை பிடித்து போர்டு மாட்டியதைக் கேட்டு, இங்கே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்று காலை லிஃப்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"மூணு கிளையன்ட் போன் பண்ணிட்டாங்க" என்றார் பெரியவர். "என் உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறாங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட கேட்டதில்ல."

"இப்ப என்ன பண்ணலாம் சார்?"

"யார் யார் நமக்கு வேண்டாம்னு எழுதிக் கொடு."

"எத்தனை பேர்?"

"போன தடவை மாதிரிதான். பன்னிரண்டு."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். அவர் கை நீட்டி அதை மெல்ல மூடினார்.

"கையால எழுதும்மா. கீழ கையெழுத்தும் போடு." தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்து, "எழுதித்தான் ஆகணும்னு இல்ல. முடியாதுன்னா சொல்லிடு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

ஆழம் பார்க்கிறார் என்று அவளுக்குப் பட்டது. முடியாது என்று கையை விரிக்கிறவளுக்கு இந்த நாற்காலி எப்படிக் கிடைக்கும்? பேனாவைத் திறந்தாள்.

வரி வழக்குகள் பார்க்கிறவர். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம்தான். எழுதினாள். பேசும்போது லேசாகத் திக்கும், ஆனால் எழுத்தில் ஒரு வரி பிசகாத பக்கத்து அறைப் பெண். எழுதினாள். பதினொரு பெயர் வரைக்கும் பேனா நிற்கவே இல்லை.

கதவு தட்டப்பட்டது. தலையை மட்டும் உள்ளே நீட்டினாள் அவளுடைய தங்கை. அவளும் இங்கேதான் வக்கீல். பிரசவ விடுப்பு முடிந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐந்து மணி அடித்தால் வீட்டுக்கு ஓடுகிறாள் என்று காதுபடவே பேசிக்கொண்டார்கள். கறுப்புக் கோட்டின் தோளில் குழந்தை கக்கிய பால், வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"அக்கா, ஒரு மணிக்குச் சாப்பிடப் போலாமா? அய்யோ, சாரி சார், மீட்டிங்னு தெரியாது."

"நீ போ. எனக்கு நேரமாகும்."

"முகமே சரியில்லையே? நான் வெயிட் பண்றேன்கா, சேர்ந்தே போலாம்."

கதவு மூடியது. பெரியவர் திரையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"பதினொண்ணோட நிறுத்திக்கலாம்மா" என்றார், திரும்பாமலே.

"வேண்டாம் சார். சொந்தத் தங்கச்சியை மட்டும் காப்பாத்திட்டேன்னு நாளைக்கு யாரும் விரல் நீட்டக் கூடாது."

தங்கையின் பெயரை எழுதும்போது மட்டும் எழுத்து கோணிக்கொண்டு போனது. கீழே கையெழுத்துப் போட்டு, தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் ஒரு பெயரைக்கூடப் பார்க்கவில்லை. நாலாக மடித்து உறையில் போட்டு ஒட்டினார்.

"படிக்கலையா சார்?"

"படிக்க வேண்டியதில்ல." எதிரே, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "நேத்து கமா வந்திருந்தான். நம்ம நிறுவனத்தை மொத்தமா அவன் எடுத்துக்கறான். நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் உறையைப் பார்த்தாள். "அப்ப... இந்தப் பன்னிரண்டு பேர்?"

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வாசல்ல நிக்கற செக்யூரிட்டி வரைக்கும் வேலை உண்டு. உன் தங்கச்சிக்கும்தான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கக்கூடச் செய்தாள்.

"அப்புறம் எதுக்கு சார் என்னை எழுதச் சொன்னீங்க?"

"அவன்தான் கேக்கச் சொன்னான். 'கேட்டுப் பாருங்க, எழுதிடுவா'ன்னான். இந்தத் தடவை நீ எழுத மாட்டேன்னு நான் அடிச்சுச் சொன்னேன்."

பெரியவர் உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"எழுதினவங்க மட்டும் வேண்டாமாம்."