நனைந்த சிவப்பு

ஓடிய தண்ணீர் வெள்ளையாகத்தான் இருந்தது.

அவர் வாட்டர் பேப்பரை, அந்தத் தேய்ப்புத்தாளை, மறுபடி நனைத்தார். படகின் மூக்கோரம் இன்னொரு முறை தேய்த்தார். பால்போல் ஒழுகியது.

மேலே இருப்பது வார்னிஷ். அதற்கடியில் சிவப்பு மினுக்குப் பொடி. தாள் பொடியைத் தொட்டால் தண்ணீர் சிவப்பாக ஓடும், சிவப்பு உரிந்துவிடும். பொடியின் வெறும் தகரம் பல்லிளிக்கும். பிறகு எந்தக் கொம்பனாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

வெள்ளை.

இன்னும் வெள்ளை.

நிறுத்தினார்.

வெயிலும் உப்பும் சேர்ந்து பழுப்பாக்கியிருந்த வார்னிஷ் முழுவதும் போய்விட்டது. பொடியில் ஒரு கீறல் இல்லை. ஒரு வாளித் தண்ணீரை அள்ளி வீசிப் படகைக் கழுவினார்.

விடிகிற வெளிச்சத்தில் சிவப்பு பற்றிக்கொண்டது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

தண்ணீர் வடிந்தது. காய்ந்த இடமெல்லாம் சாம்பல் நிறமானது. அதனால் என்ன? தேய்த்த படகு அப்படித்தான் இருக்கும். புது வார்னிஷ் ஒரு பூச்சு ஏறினால் போதும்.

டின்னைத் திறந்தார். ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தார்.

கன்னத்தில் தூறல் விழுந்தது.

ஈரக் காற்றில் அடித்தால் வார்னிஷ் வெளுத்துப் பூத்துப்போகும். டின்னை மூடினார்.

திறந்தார். வானத்தைப் பார்த்தார். மூடினார்.

உதவிக்கு வந்த மனைவியின் தம்பி கஸ்பார் தலையைச் சொறிந்தான்.

"அத்தான், பேசாம செவப்பு எனாமல் வாங்கி அடிச்சிருவமா? பூசை முடியறதுக்குள்ள காஞ்சிரும்."

"எனாமல் அடிச்சா அது ஊரான் படகு மாப்ள."

கஸ்பார் டின்னைப் படகுக்கடியில் தள்ளி வைத்தான்.

கோயில் மணி அடித்தது. இன்று மாதா திருநாள். பூசை முடிந்ததும் கமிட்டித் தலைவர் சந்தியாகு மாலையோடு கரையில் நடந்து வருவார். வரிசையில் நிற்கும் படகுகளில் எதன் முன்னால் அவர் செருப்பைக் கழற்றுகிறாரோ, அதில்தான் மாதா ஏறிக் கடலுக்குள் பவனி போவாள். படகுக்காரன் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் அந்தப் படகு கிடையாது. அது ஊர்க்கட்டு.

அவருடைய அப்பாவின் மரப்படகு தொடங்கி, செருப்பு எப்போதும் இந்த வீட்டுப் படகின் முன்னால்தான் கழன்றது.

போன வருடம் கழலவில்லை. தாண்டிப் போனது. தொபியாஸின் புதுப் படகின் முன்னால் போய் நின்றது. மங்கிப்போன சிவப்பில் மாதாவை ஏற்றலாமா என்று யாரோ கேட்டார்களாம்.

அன்றிலிருந்து கோயிலில் அவர் கடைசி வரிசையில்தான் நிற்கிறார்.

பூசை முடிகிற நேரத்தில் தூறல் விட்டது. வெயில் சுள்ளென்று இறங்கியது. இனி வார்னிஷ் அடித்துக் காயவைக்க நேரமில்லை. எல்லாப் படகுகளும் பளபளத்தன. நடுவில் அவருடையது, அடுப்பிலிருந்து வாரிக்கொட்டியதுபோல் கிடந்தது.

"என்ன மச்சான்," தொபியாஸ் தன் படகிலிருந்து குரல் கொடுத்தான். "மாதா திருநாள்ல சாம்பல் புதன் கொண்டாடுறீரோ?"

கரை சிரித்தது.

அவர் வேட்டியை இறக்கிவிட்டார். சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டார். படகின் அருகில் நிமிர்ந்து நின்றார். மனைவி கித்தேரி பின்னால் நின்றாள். கழுவிய வாளி இன்னும் அவள் கையில் இருந்தது.

பேண்டு முழங்கியது. வெடி வெடித்தது. சந்தியாகு வந்தார். முதல் படகைத் தாண்டினார். இரண்டாவதைத் தாண்டினார்.

இவர் படகின் முன்னால் நின்றார்.

மேலும் கீழும் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினார்.

படகுக்காரரின் முதுகு வளைந்து ஊர் பார்த்ததில்லை.

வளைந்தது.

கித்தேரியின் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினார். முழங்கால்வரை கடலில் இறங்கி மொண்டார். மொத்த வாளியையும் படகின் மேல் வீசினார்.

சிவப்பு மூக்கில் பிடித்து வால்வரை ஓடியது. ஒவ்வொரு பொடியும் ஒரு சூரியனைப் பிடித்துக்கொண்டது. அருகில் நின்றவர்களின் வெள்ளைச் சட்டைகளில் செம்புள்ளிகள் துள்ளின. மேளக்காரனுக்குத் தாளம் தப்பியது. குழந்தைகள் ஓவென்று கத்தின.

தொபியாஸின் சிரிப்பு வாயிலேயே நின்றது.

சந்தியாகு தூக்கிய காலைக் கீழே வைத்தார். கிட்டே வந்து விரலால் தொட்டார். விரலில் ஒட்டியது தண்ணீர்தான். சாயமில்லை.

"இது காஞ்சா?" என்றார்.

கேட்டது படகுக்காரரை. பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் படகு போயிற்று. சொல்லாவிட்டாலும் போயிற்று. படகின் மேல் விளிம்பில் சாம்பல் மெல்லத் திரும்பத் தொடங்கியிருந்தது.

அந்த வீட்டுப் பெண்கள் கரையில் நின்று பேசியதில்லை.

"கடலுக்குள்ள எதுண்ணே காயும்?" என்றாள் கித்தேரி.

அவர் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. வாளியை மட்டும் பின்னால் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு கடலில் இறங்கினாள்.

சந்தியாகு கடலைப் பார்த்தார். அலை ஒன்று எழும்பி வந்து படகின் மூக்கில் மோதிச் சிதறியது. சாம்பல் விழுந்த இடம் மறுபடி பற்றிக்கொண்டது.

பேண்டு நின்றிருந்தது.

மணலில் ஒரு செருப்பு கழன்றது.